வெறுங்காலில் ஒன்பது செவ்வாய்

மன்னார்த் தீவில் ஓர் ஐஸ் தொழிற்சாலையின் கேற்றடியில் மூன்று வருடம் நான் ஒரு கதிரையில் இருந்தேன். காலை ஆறு மணிக்கு இருந்தால் மாலை ஆறு மணிக்குத்தான் எழும்புவேன். வாச்சர் வேலை. நீல நிறப் பிளாஸ்டிக் கதிரை. முதுகுப் பக்கம் வெடித்த இடத்தை வலை நூலால் பொத்தி வைத்திருந்தேன். கரையில் மீன் சேர்க்கும் வாடிகளுக்கு ஐஸ் ஏற்ற வரும் லொறிகளுக்குக் கேற்றைத் திறக்க வேண்டும், இலக்கத்தைக் கொப்பியில் எழுத வேண்டும், பிறகு மூட வேண்டும். அவ்வளவுதான். அதற்கும் எழும்பாமல் இருக்க ஒரு வழி செய்திருந்தேன். கேற்றின் கொளுக்கியில் ஒரு நைலோன் கயிற்றைக் கட்டி, மதிலில் அடித்த ஆணியைச் சுற்றிக் கதிரைவரை கொண்டுவந்தேன். இருந்தபடியே இழுத்தால் கொளுக்கி தூக்கும், கேற் தன் பாரத்திலேயே திறந்துகொள்ளும். மூடுவதற்கு லொறிக்காரன் இறங்குவான். முதலாளிகூட அதைப் பார்த்து மெச்சினார்.

நான் ஓர் இடத்தில் இருந்து பழகிய மனிதன் அல்ல. விடத்தல்தீவில் பிறந்தேன். ஏழாம் வகுப்புப் பாதியில், சண்டைக் காலத்தில், தாய் தகப்பனோடு வள்ளம் ஏறி இராமேஸ்வரம் போனேன். என் படிப்பு அந்தக் கடலோடு நின்றது. அகதி முகாமில் பதினான்கு வயதுவரை இருந்தேன். பிறகு இருக்க முடியவில்லை. லொறியில் கிளீனராகப் போனேன். பொள்ளாச்சியில் தேங்காய் உரித்தேன், தூத்துக்குடியில் உப்பு அள்ளினேன், கேரளத்தில் கிணறு வெட்டினேன். பஸ்சுக்குக் காசு இல்லாத நாட்களில் ஓர் ஊரிலிருந்து மற்ற ஊருக்கு நடந்தே போனேன். முகாமில் அதிகாரிகள் ஆள் எண்ணும் நாளுக்கு மட்டும் திரும்பி வந்து வரிசையில் நின்று முகத்தைக் காட்டிவிட்டு மறுநாள் போய்விடுவேன். வங்காலையைச் சேர்ந்த ஒரு பெண்ணை அந்த முகாமில்தான் கட்டினேன். பிள்ளைகள் தங்கவில்லை. சண்டை முடிந்து சில வருடங்களில் இருவரும் திரும்பி வந்து தோட்டவெளிக்குக் கிட்ட ஒரு துண்டுக் காணியில் வீடு போட்டோம்.

வந்த பிறகும் கடலுக்குப் போனேன். ஒருநாள் வலை இழுக்கும்போது தலை சுற்றி வள்ளத்துக்குள் விழுந்தேன். வள்ளத்துக்குச் சொந்தக்காரர், “உன்னைக் கடலுக்குக் குடுத்திட்டு நான் உன்ர மனிசிக்கு என்ன சொல்லுறது?” என்று சொல்லி அதன்பின் ஏற்றவில்லை. சீனி வருத்தம், அதாவது நீரிழிவு என்று அப்போதுதான் தெரிந்தது. அப்படித்தான் கதிரைக்கு வந்தேன்.

கதிரையில் இரண்டாவது வருடம், ஓர் உடைமுள் செருப்பைத் துளைத்து வலது காலின் சின்ன விரலில் ஏறியது. சீனியால் கால் மரத்துப் போயிருந்தது, எனக்குத் தெரியவில்லை. மூன்று நாள் முள்ளோடு திரிந்திருக்கிறேன். நாற்றம் வந்த பிறகுதான் மனைவி செருப்பைக் கழற்றிப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் விரலை எடுத்துவிட்டார்கள். தெற்கிலிருந்து வந்த ஓர் இளம் சிங்கள டொக்டர், தெரிந்த தமிழில் சொன்னார்: “இருக்க வேணாம். நடக்க வேணும். சீனி குறைய வேணும். இல்லாட்டி கால் இல்லை.” சொல்லிவிட்டு, கையின் விளிம்பால் தன் முழங்காலுக்குக் கீழே ஒரு கோடு இழுத்துக் காட்டினார்.

விரல் போனதற்கு நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. சின்ன விரலால் யாருக்கும் ஒரு வேலையும் இல்லை. ஆனால் கால் போனால் நான் இல்லை. இந்த வாழ்க்கையில் எனக்குச் சொந்தமாக இருந்தது அது ஒன்றுதான். எங்கே பிடிக்கவில்லையோ அங்கிருந்து எழும்பிப் போக முடிந்தது.

கால் கிளினிக்கில் தாதியாக ஒரு மிஸி இருந்தார். முசலிப் பக்கத்து முஸ்லிம் பெண். நாற்பது வயது இருக்கும். காயத்தைத் துடைத்துக் கட்டிவிட்டுக் கேட்டார்:

“ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் இருக்கிறீங்க?”

“எங்க மிஸி?”

“எங்க எண்டாலும். கதிரையில, பஸ்ஸில, டீவிக்கு முன்னால. படுக்கிற நேரத்தை விட்டுட்டுச் சொல்லுங்க.”

விரல் மடித்துப் பார்த்தேன். பதினான்கு மணித்தியாலம் வந்தது. வெட்கமாக இருந்தது.

“நான் நடந்து திரிஞ்ச மனிசன் மிஸி. தூத்துக்குடியில இருந்து...”

“அப்ப நடந்தது அப்ப. சீனி இப்பத்தானே கூடியிருக்கு.”

“சரி, நாளையில இருந்து நடக்கிறன்.”

“இந்த மேசைக்கு முன்னால அப்பிடிச் சொல்லாத ஆள் ஒருத்தரும் இல்ல. நாளைக்கு எத்தினை மணிக்கு? எங்க இருந்து எங்க? மழை வந்தா என்ன செய்வீங்க? அதச் சொல்லுங்க.”

ஒரு கடதாசியில் கோடு போட்டு மூன்று கட்டம் பிரித்தார். முதலாவது, எப்போது. இரண்டாவது, அப்போது என்ன செய்வேன். மூன்றாவது, தடங்கல் வந்தால் என்ன. பேனாவை என் கையில் தந்தார். எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும், நீங்களே எழுதுங்கள் என்றேன். “நான் எழுதினா அது என்ர திட்டம்” என்றார். எழுதினேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒரு கிழவி பொறுமை இழந்து, “என்ன பிள்ளை, தம்பியார் சோதனை எழுதுறாரோ? பாஸ் பண்ணினாப் பிறகுதான் எங்களைக் கூப்பிடுவியளோ?” என்றாள்.

நான் எழுதியது இதுதான். லொறி வந்தால், எழும்பிப் போய்க் கையால் கேற்றைத் திறப்பேன். போன் அடித்தால், எழும்பி நின்று கதைப்பேன். மத்தியானம் சாப்பிட்டால், மதிலைச் சுற்றிப் பத்து நிமிடம் நடப்பேன். வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது ஒரு தரிப்பிடம் முன்னால் இறங்குவேன். தடங்கல் என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன்.

மிஸி சிரித்தார். “தடங்கல் இல்லாத மனிசனை இண்டைக்குத்தான் பாக்கிறன். சரி, கொண்டுபோங்க. செய்த நாளுக்குச் சரி போடுங்க. ஒண்டு மட்டும் கேளுங்க. செருப்பில்லாம முத்தத்துக்கும் இறங்கக் கூடா. வீட்டுக்குள்ளயும் செருப்பு. படுக்கமுதல் அடிக்காலக் கண்ணாடியில பாருங்க. உங்கட கால் உங்களுக்கு ஒண்டும் சொல்லாது.”

இதை அவர் வாயால் சொன்னார். கடதாசியில் அது இல்லை.

மறுநாள் கயிற்றை அறுத்தேன். லொறி வந்தபோது எழும்பிப் போய்த் திறந்தேன். உள்ளே ஐஸ் கட்டிகளை மெசினில் போட்டு உடைக்கிறவன் என் கூட்டாளி. அவனும் முகாமிலிருந்து வந்தவன்தான். நான் மத்தியானச் சோற்றுக்குப் பிறகு மதிலைச் சுற்றுவதைக் கண்டு வெளியே வந்து நின்றான்.

“என்ன மச்சான், நடைபயணமோ? எலெக்சன் கேக்கப் போறியோ?”

“டொக்டர் சொன்னவர்.”

“பாத்து மச்சான். வேதாகமத்தில ஏழு தரம் மதிலைச் சுத்தி வந்து ஊதினவங்கள், மதில் விழுந்தது. இது பூச்சு இல்லாத மதில், நீ ஆறோட நிப்பாட்டு.”

ஐந்தாம் நாள் போன் அடித்தது. கொழும்பில் இருக்கும் முதலாளி. கேற்றடியில் ஒரு கமரா பூட்டியிருந்தார்கள். அவர் தன் போனில் பார்ப்பார்.

“கதிரை நிக்குது, ஆளைக் காணேல்ல.”

“நடந்தனான் முதலாளி.”

“எங்க?”

“மதிலைச் சுத்தி. கால் வருத்தம். நடக்கச் சொன்னவை.”

“வேலை முடிஞ்சு நட. நான் உன்னை இருக்கத்தான் வைச்சிருக்கிறன்.”

திட்டப்படி எழும்பி நின்றுதான் அந்த ஏச்சைக் கேட்டேன்.

அடுத்த கிளினிக்கில் மிஸியிடம் சொன்னேன். “இதுதான் தடங்கல். எழுதுங்க” என்றார். என்ன செய்வது என்று இருவரும் யோசித்தோம். கமராவுக்குள் நடந்தால் முதலாளி ஒன்றும் சொல்ல முடியாது என்றார் அவர். வேலைக்குத் திரும்பியதும் கூட்டாளி கமராவுக்குப் பக்கத்தில் தன் போனைப் பிடித்துப் படம் எடுத்து, அளந்து சொன்னான்: கதிரையிலிருந்து கேற்றுத் தூண்வரை எட்டு அடி. அந்த எட்டு அடிக்குள் போய் வரத் தொடங்கினேன். ஓர் அரை மணித்தியாலத்துக்கு ஒரு தரம் பத்துத் தடவை. லொறிக்காரர்கள் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தார்கள். ஒருவன் இறங்கி வந்து, “அண்ணை, வீட்டில ஏதும் பிரச்சினையோ?” என்று மெதுவாகக் கேட்டான்.

இரண்டு மாதத்தில் சீனி கொஞ்சம் இறங்கியது. பிறகு சோளகக் காற்று தொடங்கியது. மன்னாரில் சோளகம் என்றால் மணல்தான் அடிக்கும். கண் திறக்க முடியாது, சோற்றில் மண் கடிபடும். கதிரையைச் சுவரோடு ஒட்டி வைத்துத் துவாயால் தலையை மூடிக்கொண்டு இருந்தேன். ஒருநாள் விட்டேன். பிறகு ஒரு கிழமை விட்டேன். பஸ்ஸில் ஒரு தரிப்பிடம் முன்னால் இறங்குவதையும் விட்டேன். காற்று ஓய்ந்த பிறகு எழும்பலாம் என்று இருந்தேன். காற்று ஓய்ந்தது, நான் எழும்பவில்லை. என் வாழ்க்கை முழுவதும் இப்படித்தான். வேலையோ ஊரோ படிப்போ எதையும் நான் முடித்ததில்லை. தொடங்குவேன், பாதியில் கிளம்பிவிடுவேன். இப்போது கிளம்பவும் வழியில்லாமல் இருந்த இடத்திலேயே பாதியில் நின்றேன்.

கிளினிக்குக்குப் போகும் பஸ்ஸில் இருந்தபடியே எல்லா நாளுக்கும் சரி போட்டேன். மிஸி கடதாசியைப் பார்த்தார்.

“இந்தச் சரியெல்லாம் பஸ்ஸில போட்டதோ?”

கடதாசியைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினேன்.

“கோடு எல்லாம் ஒரே பக்கம் குலுங்கியிருக்கு. சீனியும் ஏறியிருக்கு.” அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது. “உங்கட வாழ்க்கையில ஒரு நாளும் விடாம முடிச்ச விசயம் ஏதாவது இருக்கோ? இருந்தா அதை எப்பிடி முடிச்சனீங்க எண்டு யோசிச்சுப் பாருங்க. அதே மாதிரி இதையும் செய்வம்.”

திரும்பி வரும் பஸ்ஸில் யோசித்தேன். ஒன்று இருந்தது. முகாமில் மனைவிக்கு மூளைக் காய்ச்சல் வந்து நினைவில்லாமல் கிடந்தபோது, அவள் எழும்பினால் இனிப் பீடி தொடமாட்டேன் என்று புனித அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தேன். அவள் எழும்பினாள். அன்றிலிருந்து இன்றுவரை தொட்டதில்லை. பீடி நாற்றம் பிடித்த லொறிகளில் மாதக்கணக்காகப் போயிருக்கிறேன், கை போகவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் மீன் வெட்டிக்கொண்டு இருந்தாள். கத்தியை வைத்துவிட்டு, “அப்ப நேர்த்தி வையுங்கோவன். கடதாசிக்குப் பொய் சொல்லுவீங்கள். அந்தோனியாருக்குச் சொல்லமாட்டீங்கள்” என்றாள்.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டரை கிலோமீட்டரில், கடற்கரையில் அந்தோனியாருக்கு ஒரு சிறிய கோயில் இருக்கிறது. பதின்மூன்று செவ்வாய்க்கிழமை அங்கே நடந்து போய் மெழுகுதிரி கொளுத்திச் செபம் சொல்லி, நடந்தே திரும்புவது என்று முடிவெடுத்தோம். கேட்டது ஒன்றுதான்: கால் போகக் கூடாது. இரவு வாச்சரிடம் சொல்லி, செவ்வாய்களில் அவர் எனக்காகப் பத்து மணிவரை இருப்பது, சனிக்கிழமைகளில் நான் அவருக்காகப் பிந்திப் போவது என்று ஒழுங்கு செய்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு தூரம் யோசித்து ஒரு திட்டம் போட்டது அதுதான் முதல் தரம். மிஸியின் மூன்று கட்டத்தில் ஒன்றைக்கூட விடவில்லை. எப்போது, எங்கே, தடங்கல் வந்தால் என்ன, எல்லாம் இருந்தது.

முதல் செவ்வாய் காலையில் நான் செருப்பை வாசலில் விட்டுவிட்டு இறங்கினேன். மனைவி கையில் சப்பாத்தோடு பின்னால் வந்தாள். விரல் எடுத்த பிறகு வாங்கிய சப்பாத்து.

“இதைப் போட்டுக்கொண்டு போங்கோ. குருசடியில கழட்டுங்கோ. அதில இருந்து கோயில் கிட்டத்தானே.”

“சப்பாத்தோட போனா அது நேர்த்தியோ? சந்தைக்குப் போற மாதிரி இருக்கும்.”

“மிஸி சொன்னதை மறந்திட்டீங்களோ?”

“மிஸி சொன்னது நடைக்கு. இது வேற.”

“காலுக்குத்தானே நேர்த்தி. காலைக் கொண்டுபோய்ப் புண்ணாக்கிறதோ?”

“பாதி நேர்த்தி நான் வைக்கமாட்டன். எல்லாத்தையும் பாதியிலதான் விட்டனான். இது முழுசா இருக்கட்டும்.”

எங்கள் பக்கத்தில் நேர்த்திக்கு நடக்கிறவர் வெறுங்காலோடுதான் நடப்பார். அப்படி நடக்கச் சொல்லி யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. கோயில் சாமியாரும் சொல்வதில்லை. செருப்போடு போனால் அது வெறும் நடை, அவ்வளவுதான். நான் அதைப்பற்றி யோசித்து முடிவெடுத்தேன் என்று சொன்னால் அதுவும் பொய். யோசிக்கவே இல்லை. கால் தானாகச் செருப்பை விட்டது.

முதலில் மணல் ஒழுங்கை. பிறகு கிறவல் ரோட்டு. அதன்பின் பனைகளுக்கு நடுவே போகும் பாதை, கடைசியில் கடல். காலை ஆறு மணிக்கு மணல் குளிர்ந்து கிடக்கும் என்று நினைக்கிறேன். எனக்கு எதுவும் தெரியாது, பஞ்சில் மிதிப்பது போலத்தான் இருக்கும். ஆனால் முழங்காலும் இடுப்பும் மூச்சும் அறிந்தன. பழைய நடை திரும்பி வந்தது. கருவாடு காயவைக்கும் பெண்கள் என்னைக் கண்டு பாயை இழுத்து வழி விடுவார்கள். ஒருத்தி, “அண்ணைக்கு எத்தினையாவது செவ்வாய்? எங்களுக்கும் ஒரு திரி கொளுத்துங்கோ” என்பாள். அந்த நாட்களில் நான் சந்தோசமாக இருந்தேன். இதை எழுதாமல் விட்டால் சரியில்லை.

செவ்வாய்க்காக மற்ற நாட்களும் மாறின. செவ்வாயில் களைக்காமல் இருக்க, திங்களில் ஒரு தரிப்பிடம் முன்னால் இறங்கினேன். கமராவுக்குள் எட்டு அடி நடப்பதும் திரும்பவும் வந்தது. கதிரை எனக்கே பிடிக்காமல் போனது, நின்றபடியே இலக்கம் எழுதினேன். கடதாசியை நான் பார்க்கவே இல்லை. ஆறாவது செவ்வாய் முடிந்து கிளினிக்குக்குப் போனபோது சீனி நன்றாக இறங்கியிருந்தது. மிஸி முடிவை இரண்டு தரம் பார்த்தார்.

“என்ன செய்தனீங்க?”

“நடந்தனான் மிஸி. கோயிலுக்கு.”

“சரி போட்டுக்கொண்டு நடந்ததோ, உண்மையாவோ?”

“உண்மையா.”

காலைத் தூக்கி அடியைப் பார்த்தார். “தோல் தடிச்சிருக்கே. சப்பாத்தோடதானே நடக்கிறீங்க?”

“ஓம் மிஸி.”

அந்தோனியாருக்குப் பொய் சொல்ல மாட்டேன் என்றுதான் மனைவி சொன்னாள். மிஸிக்குச் சொல்ல மாட்டேன் என்று யாரும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் அவர் நிறுத்தச் சொல்லுவார். நிறுத்தினால் ஏழாவது செவ்வாய் இல்லை.

ஒன்பதாவது செவ்வாய்க்கு முதல் கிழமை, கிறவல் ரோட்டுக்குத் தார் போட்டார்கள். எட்டாவது செவ்வாயில் ஒரு பக்கம் போட்டிருந்தது, காலையில் அதன்மேல் நடந்து போனேன். ஒன்றும் ஆகவில்லை. ஒன்பதாவது செவ்வாய் காலையில் இரவு வாச்சரிடமிருந்து போன். மகளுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார், பத்து மணிவரை நான் வந்து இருக்க வேண்டும், பிறகு அவர் வந்து மிச்ச நேரத்தைப் பார்ப்பார். தடங்கல் வந்தால் என்ன செய்வது என்று முன்பே முடிவெடுத்திருந்தேன்: நேரத்தை மாற்றலாம், நாளை மாற்றக் கூடாது. அதன்படியே செய்தேன். அவர் பத்தே காலுக்கு வந்தார். வீட்டுக்கு வந்து குளித்து, பதினொரு மணிக்கு வெறுங்காலோடு இறங்கினேன். மனைவி வேலி அடைக்கப் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள்.

வெயில் தலையைத்தான் சுட்டது. துவாயை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டேன். தார் ரோட்டில் கானல் ஓடியது. ரோட்டோரத்தில் நின்ற கழுதைகள் தாரில் ஏறாமல் மணலில் ஒதுங்கி நின்றதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு நடந்தேன். தாரில் நடப்பது கிறவலில் நடப்பதைவிடச் சுகமாக இருக்கிறது என்று நினைத்ததும் ஞாபகம் இருக்கிறது. கோயிலில் முழந்தாளிட்டு முழுச் செபமாலையும் சொன்னேன். ஒரு மணிக்குத் திரும்பி நடந்தேன்.

வீட்டு விறாந்தை சீமெந்து. நான் உள்ளே போய்க் குடத்தில் தண்ணீர் எடுத்துக் குடித்துக்கொண்டிருந்தேன். மனைவி வாசலில் நின்று தரையைப் பார்த்தாள்.

“என்னப்பா, கடலுக்க இறங்கினீங்களோ? தரையெல்லாம் ஈரம்.”

“இல்லையே.”

அவள் குனிந்து ஒரு தடத்தைத் தொட்டு விரலைப் பார்த்தாள். பிறகு சத்தம் போடாமல் என்னைப் பிடித்துக் கட்டிலில் இருத்திக் காலைத் தூக்கினாள். அவித்த கிழங்கில் தோல் கழன்றதுபோல் இருந்தது என்று பிறகு சொன்னாள். அப்போது அவள் சொன்னது, “ஓட்டோவைக் கூப்பிடுறன். அசையாதேங்கோ” மட்டும்தான். நான் அசையவில்லை. நோவில்லாதபடியால் எனக்குப் பயமும் வரவில்லை. மெழுகுதிரி கொளுத்திய தீப்பெட்டி சட்டைப் பையில் இருந்தது, அதை எடுத்து அடுப்படியில் வைக்கச் சொல்லிக் கொடுத்தேன்.

இடது கால் மெதுவாக ஆறியது. வலது கால் ஆறவில்லை. பத்து நாளில் கறுத்தது. யாழ்ப்பாணத்துக்கு மாற்ற முடிவு செய்த அன்று மிஸி வாட்டுக்கு வந்தார். கையில் ஒரு கடதாசித் துண்டு. கட்டிலில் இருந்தார். மிஸிமார் நோயாளியின் கட்டிலில் இருப்பதில்லை.

“புண்ணுக்கு முதல் எடுத்த ரிப்போட்டைப் பாத்தன். உங்கட சீனி இவ்வளவு நல்லா ஒரு நாளும் நிண்டதில்ல.”

“ஓம் மிஸி.”

“சப்பாத்தோ எண்டு கேட்டனான்தானே?”

“ஓம்.”

“பொய் சொன்னனீங்க.”

“ஓம். நேர்த்தி மிஸி. அதான்.”

கொஞ்ச நேரம் துண்டை மடித்து விரித்தார். “எங்கட ஆக்களும் நேர்த்தி வைக்கிறவங்கதான். எனக்குச் சொல்லியிருக்கலாம். நான் அந்தோனியாரோட சண்டைக்கு வந்திருக்க மாட்டன். உங்கட சாமியாரைக் கூப்பிட்டுக் கதைச்சு, சப்பாத்துக்கும் ஒரு கட்டம் போட்டிருப்பன்.”

முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

திரும்பி வந்ததும் சாமியார் வீட்டுக்கு வந்தார். மிச்சம் இருக்கும் நாலு செவ்வாயைப்பற்றி யோசிக்க வேண்டாம், நேர்த்தி தீர்ந்தது என்றார். தீர்ந்தது என்று எனக்கும் தெரியும். கூட்டாளி ஒரு ஞாயிற்றுக்கிழமை மீனோடு வந்தான். வழக்கம்போலப் பகிடி ஒன்றைத் தொடங்கினான், பாதியில் விட்டுவிட்டு மீனை வெட்டித் தருகிறேன் என்று அடுப்படிக்குப் போனான். வாச்சர் வேலைக்கு வேறு ஆள் வந்துவிட்டான். ஒரு காலோடு இருந்தாலும் இருக்கலாம்தானே என்று முதலாளியிடம் கேட்கச் சொன்னேன். கமராவில் பார்க்க நல்லாயிராது என்றாராம்.

யாழ்ப்பாணத்தில் ஒரு செயற்கைக் கால் தந்தார்கள். அதைப் பூட்டி நடந்தால் வெட்டின இடம் உரஞ்சுகிறது. கழற்றிவிட்டு ஊன்றுகோலில் நடந்தால் பாரம் முழுவதும் இடது காலுக்குப் போகிறது. போன கிளினிக்கில் மிஸி ஒரு புதுக் கடதாசியில் கோடு போட்டார். பேனாவை எனக்குத் தரவில்லை. தானே பிடித்துக்கொண்டு இருந்தார்.

“நடந்தா இந்தக் கால் புண்ணாகும். இருந்தா சீனி ஏறும், அப்பவும் இந்தக் கால்தான். நான் என்னத்தை எழுத?”

கடைசியில், போத்தலில் மணல் நிரப்பி இருந்தபடியே கையால் தூக்கச் சொன்னார். அதை எழுதவில்லை. வரிசை நீளமாக இருந்தது, எழும்பினேன்.

போத்தலை ஐந்து நாள் தூக்கினேன்.

மனைவி இப்போது கருவாட்டு வாடிக்கு வேலைக்குப் போகிறாள். ஆறு மணிக்கு இறங்கினால் பின்னேரம் வருவாள். அதுவரை நான் வீட்டுக்குள் கட்டிலிலும் கதிரையிலும் இருப்பேன். கதவைத் திறந்து வைத்தால் ரோட்டில் போகிற பஸ் தெரியும். முன்பு என்றால் அந்தப் பஸ் எங்கே போகிறது என்று மனம் கூடவே போகும். இப்போது நேரம் பார்க்க மட்டும் அது உதவுகிறது.

வேலைக்கு இறங்குமுன் அவள் என் இடது காலை மடியில் வைத்து ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்ப்பாள். கண்ணாடி தேவையில்லை, அவள் கண் போதும். பார்த்துவிட்டுச் சப்பாத்தைப் பூட்டிவிடுவாள். இன்று காலை பார்த்தவள் சப்பாத்தை எடுக்கவில்லை. காலை இன்னும் கொஞ்சம் வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

“குதியில வெள்ளையா ஒண்டு இருக்கு.”

“மண்ணாயிருக்கும்.”

“துடைச்சன். போகேல்ல.”

“கிளினிக் வியாழக்கிழமைதானே. அண்டைக்குக் காட்டுவம்.”

அவள் முகத்தைக் குதிக்குக் கிட்டக் கொண்டுபோனாள். பிறகு, “நோகுதோ?” என்று கேட்டாள்.

“நீ அமத்திப் பார், சொல்லுறன்” என்றேன்.

“அமத்திக்கொண்டுதான் இருக்கிறன்” என்றாள்.